போடலாமா, விடலாமா? போக்கரில் பாட் ஆட்ஸும் ஈக்விட்டியும்: முழுமையான வழிகாட்டி

நடுவில் 120 கிடக்கிறது. எதிரே இருப்பவர் 60 தள்ளிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறார். உங்கள் கையில் ஆட்டின் (ஹார்ட்) ராணி, ஆட்டின் 8. கீழே விரித்திருக்கும் ஃப்ளாப்பில் ஆட்டின் ஏஸ், கிளாவர் 9, ஆட்டின் 5. இன்னொரு ஆட்டின் விழுந்தால் ஃப்ளஷ், அதாவது ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு. விழாவிட்டால் கையில் ஒன்றுமே இல்லை.

ரம்மியில் ஊறிய மதுரைக்காரர்கள் இந்த இடத்தில் ரொம்ப யோசிப்பதில்லை. "இவ்வளவு தூரம் வந்தாச்சு, ஒரு சீட்டுப் பாத்துருவோம்" என்று பாதிப் பேர் போட்டுவிடுவார்கள். மீதிப் பேர் "இன்னைக்கு நமக்குச் சீட்டே ஓடலப்பா" என்று மடக்கி வைத்துவிடுவார்கள். அந்தச் சீட்டைப் பார்க்க என்ன விலை கேட்கிறார்கள், அந்த விலைக்கு அது தகுமா என்று இரண்டு தரப்பும் பார்ப்பதில்லை. விலையைச் சொல்வது பாட் ஆட்ஸ். தகுமா என்பதைச் சொல்வது ஈக்விட்டி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்த வழிகாட்டி முழுக்க வரப்போகிற வேலை. ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதும்.

டெக்சஸ் ஹோல்டெம் விதிகள் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கைக்கு 2 சீட்டு, ஃப்ளாப்பில் 3, டர்னில் 1, ரிவரில் 1, மொத்தம் ஏழில் சிறந்த ஐந்து.

காசு வேண்டாம், புளியமுத்து போதும்

காசு வைத்து ஆடச் சொல்லும் கட்டுரை இல்லை இது. ஆன்லைன் பண ஆட்டங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும் என்று 2020 ஜூலையில் சொன்னது நம்ம மதுரை உயர் நீதிமன்றக் கிளைதான். 2022-ல் தமிழக அரசு கொண்டுவந்த சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் சேர்த்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலை ரத்து செய்தது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வழக்கே இல்லாமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் மொத்தத்தையும் தடை செய்துவிட்டது. வெளியே இடம் பிடித்துக் காசு வைத்து ஆடுபவர்களுக்கு 1930-ம் வருடச் சூதாட்டச் சட்டம் தனியாக இருக்கிறது.

அதனால் இங்கே கணக்கெல்லாம் புளியமுத்தில். புளி உடைத்த வீட்டில் முத்துக்குப் பஞ்சமில்லை. ஆளுக்கு 200 எண்ணிக் கொடுத்தால் ஒரு ராத்திரி ஓடும். எங்கள் சொந்தத்தில் இந்த ஆட்டம் களைகட்டுவது எதிர்சேவை இரவில். அழகர் தல்லாகுளம் வந்து சேரும் அந்த இரவில் வீட்டில் யாரும் படுக்கப்போவதில்லை, மொட்டை மாடியில் பாய் விரித்தால் ஆறு கை தன்னால் சேர்ந்துவிடும்.

முத்து ஆட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. போனால் போகட்டும் என்று எல்லாரும் எல்லாவற்றையும் கால் பண்ணுவார்கள் (எதிராளி போட்ட அளவையே தாங்களும் போட்டுத் தொடர்வார்கள்), கணக்கு கற்கவே முடியாது. முதலில் காலியாகிறவர்தான் எல்லாருக்கும் பருத்திப்பால் வாங்கிவர வேண்டும் என்று வைத்தால் போதும், ஆட்டம் உடனே ஒழுங்காகிவிடும். படி இறங்க யாருக்கும் மனசு வராது.

முதல் படி: விலையைக் கண்டுபிடி

நாம் போட வேண்டியதை, போட்ட பிறகு நடுவில் இருக்கப்போகும் மொத்தத்தால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான் பாட் ஆட்ஸ்.

நம் ஆட்டத்தில் நடுவில் 120, அவர் போட்டது 60, நாம் போட வேண்டியது 60. மொத்தம் 240. 60-ஐ 240-ஆல் வகுத்தால் 25%. இதுதான் விலை. நான்கு தடவை இதே நிலையில் போட்டு ஒரு தடவை ஜெயித்தால் கையில் நட்டமும் இல்லை, லாபமும் இல்லை. சிலர் இதையே 180-க்கு 60, அதாவது 3-க்கு 1 என்று சொல்வார்கள். இரண்டும் ஒன்றுதான். சதவீதமாக வைத்துக்கொண்டால் பின்னால் ஈக்விட்டியோடு ஒப்பிட எளிது.

புதிதாகக் கற்பவர்கள் வழக்கமாகத் தவறுவது ஒரே இடத்தில்: தாங்கள் போடப்போகும் 60-ஐ மொத்தத்தில் சேர்க்க மறந்துவிடுவார்கள். 60-ஐ 180-ஆல் வகுத்து 33% என்று நினைத்துக்கொண்டு நல்ல விலைகளை எல்லாம் விட்டுவிடுவார்கள்.

ஒவ்வொரு முறையும் வகுத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. எதிராளி போடும் அளவு பாட்டில் (அவர் போடும் முன் நடுவில் கிடப்பதில்) என்ன பங்கு என்று பார்த்தாலே விலை தெரிந்துவிடும். பாட்டில் மூன்றில் ஒரு பங்கு போட்டால் விலை 20%. பாதி போட்டால் 25%. முக்கால்வாசி போட்டால் 30%. முழு பாட்டும் போட்டால் 33%. பாட்டைப்போல இரண்டு மடங்கு போட்டால் 40%. கவனித்துப் பாருங்கள், எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் விலை 50%-ஐத் தொடவே தொடாது. நடுவில் ஏற்கெனவே ஏதாவது கிடக்கும்வரை, பாதிக்கும் குறைவாக ஜெயிக்கிற கையை வைத்துக்கொண்டும் நியாயமாகக் கால் பண்ணலாம்.

அதே சமயம், நடுவில் கிடக்கும் 120-ல் நீங்கள் போட்டது எவ்வளவு என்பது இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. 10 போட்டிருந்தாலும் சரி, 60 போட்டிருந்தாலும் சரி. கையை விட்டுப் போன முத்து நடுவுக்குச் சொந்தம். "என் முத்து பாதி அங்க கிடக்கே" என்று மனசு அடித்துக்கொள்ளும், அது வேறு விஷயம். வேடிக்கை என்னவென்றால், ரம்மியில் கை சரியில்லை என்று தெரிந்ததும் 20 பாயின்ட் போனால் போகட்டும் என்று முதல் சுற்றிலேயே ஸ்கூட் விடுகிற அதே சித்தப்பா, போக்கரில் 20 முத்து போட்ட கையை விட மாட்டேன் என்று கடைசிவரை இழுப்பார்.

இரண்டாம் படி: எத்தனை சீட்டு உதவும்?

விலை 25% என்று தெரிந்துவிட்டது. நம் பங்கு எவ்வளவு?

ஊரில் பொங்கலுக்கு நாலு வீடு சேர்ந்து ஆடு அடித்துக் கூறு போடுவார்களே, அந்தக் கூறுதான் ஈக்விட்டி. நடுவில் கிடப்பதில் சராசரியாக நமக்குச் சேர வேண்டிய பங்கு. கறியில் எல்லாருக்கும் அன்றைக்கே கூறு கிடைத்துவிடும். இங்கே ஒரு ஆட்டத்தில் ஒருவருக்கே முழுசும் போகும், பல ஆட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் கூறு தெரியும்.

கையில் இன்னும் முடியாத ஃப்ளஷ், ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு) இருந்தால், அதாவது டிரா இருந்தால், பங்கைக் கணக்கிட அவுட் எண்ண வேண்டும். நம் கையை ஜெயிக்கும் கையாக மாற்றக்கூடிய சீட்டுகள்தான் அவுட். ஒரு சின்னத்தில் 13 சீட்டு. கையில் 2, ஃப்ளாப்பில் 2 ஆட்டின் போக மீதி 9. ஆக, 9 அவுட்.

ரம்மிப் பழக்கம் இங்கே இரண்டு விதத்தில் காலை வாரும். 13 சீட்டு ரம்மியில் இரண்டு கட்டு, ஜோக்கர் வேறு. ஒன்று போனாலும் அதன் இரட்டை எங்கேயோ இருக்கும் என்ற நினைப்பு ரத்தத்திலேயே ஊறிப்போயிருக்கும். இங்கே ஒரே கட்டு, 52 சீட்டு, ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை. இரண்டாவது, கீழே போட்ட சீட்டை வைத்துக் கணக்குப் போடும் பழக்கம். போக்கரில் மடக்கியவர்களின் சீட்டு நமக்குத் தெரியாது. "அவன் கையில ரெண்டு ஆட்டின் போயிருக்கும்" என்று கழிக்கக் கூடாது. நாம் பார்க்காத சீட்டு எல்லாம் ஒரே குவியல்தான், அது கட்டில் இருந்தாலும் மடக்கிய கையில் இருந்தாலும். ஃப்ளாப் முடிந்ததும் நாம் பார்த்தது 5, பார்க்காதது 47. டர்ன் முடிந்ததும் பார்க்காதது 46.

அடிக்கடி வரும் நிலைகள் இவை. முதல் சதவீதம் ஃப்ளாப்புக்குப் பிறகு அடுத்த ஒரு சீட்டுக்கு, இரண்டாவது டர்னும் ரிவரும் சேர்த்து.

நடுவில் மட்டும் ஓட்டை உள்ள ஸ்ட்ரெய்ட் (5, 6, 8, 9 இருக்க 7 வேண்டும்): 4 அவுட், 8.5%, 16.5%
ஃப்ளாப்பைவிடப் பெரிய இரண்டு சீட்டு, ஜோடி சேர வேண்டும்: 6 அவுட், 12.8%, 24.1%
இரண்டு பக்கமும் திறந்த ஸ்ட்ரெய்ட்: 8 அவுட், 17%, 31.5%
ஃப்ளஷ்: 9 அவுட், 19.1%, 35%
ஃப்ளஷும் இருபக்க ஸ்ட்ரெய்ட்டும் சேர்ந்தது: 15 அவுட், 31.9%, 54.1%

கடைசி வரியில் 9-ம் 8-ம் 17 ஆகாதா என்று கேட்கலாம். ஸ்ட்ரெய்ட்டை முடிக்கும் எட்டுச் சீட்டில் இரண்டு ஏற்கெனவே ஃப்ளஷ் கணக்கில் வந்துவிட்டன. ஒரே சீட்டை இரண்டு தடவை எண்ணக் கூடாது.

எல்லா அவுட்டும் சுத்தமான அவுட் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். நம் ஆட்டத்தில் ஆட்டின் 9 விழுந்தால் நமக்கு ஃப்ளஷ்தான். ஆனால் கீழே 9 ஜோடியாகிவிடும். எதிராளியிடம் ஏஸும் 9-ம் இருந்தாலோ, ஜோடி 5 இருந்தாலோ அதே சீட்டு அவருக்கு ஃபுல் ஹவுஸ் (மூன்றும் இரண்டும் சேர்ந்த கை, ஃப்ளஷைவிடப் பெரியது). அதே மாதிரி ஆட்டின் ராஜா அவர் கையில் இன்னொரு ஆட்டினோடு இருந்தால் நாம் ஃப்ளஷ் அடித்தும் தோற்போம். அதற்காக அவுட்டை 5-க்குக் குறைத்துவிட வேண்டாம். 9-ஐ எட்டரை என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

மூன்றாம் படி: 2-ஆல் பெருக்கு, 4-ஆல் பெருக்கு

பாயில் உட்கார்ந்துகொண்டு 9-ஐ 47-ஆல் யாரும் வகுக்க முடியாது. ஒரு சீட்டு மட்டும் பார்க்கப்போகிறோம் என்றால் அவுட்டை 2-ஆல் பெருக்கி 1 கூட்டுங்கள்: 9 அவுட்டுக்கு 19. இரண்டு சீட்டும் பார்க்கப்போகிறோம் என்றால் 4-ஆல் பெருக்குங்கள்: 36. அவுட் 8-ஐத் தாண்டினால் தாண்டிய அளவைக் கழியுங்கள்: 36-ல் 1 போக 35. 15 அவுட்டுக்கு 60-ல் 7 போக 53. உண்மையான எண்ணுக்கு ஒன்றிரண்டு பக்கத்தில் வந்துவிடும்.

இந்தச் சூத்திரம் பலருக்குத் தெரியும். ஃப்ளாப்பில் எப்போது 4-ஆல் பெருக்கலாம் என்பது தெரிந்தவர் குறைவு. இந்தக் கணக்கைப் பழகியும் தோற்பவர்களில் முக்கால்வாசிப் பேர் தோற்பது இங்கேதான் என்பது என் எண்ணம்.

நம் கைக்கு இரண்டு சீட்டும் சேர்த்து 35%. விலை 25%. 35 பெரிது, தாராளமாகப் போடலாம் என்று தோன்றும். ஆனால் அந்த 60 முத்து இரண்டு சீட்டுக்கான விலையா? இல்லை. டர்ன் சீட்டுக்கு மட்டும்தான். 60 போடுகிறோம், பாட் 240 ஆகிறது. டர்னில் ஆட்டின் விழவில்லை. இப்போது அவர் மறுபடியும் பாதி, அதாவது 120 போடுகிறார். விலை மறுபடியும் 25%. நம்மிடம் இப்போது இருப்பது 46-ல் 9, அதாவது 19.6%. மடக்கத்தான் வேண்டும். ஆக, இரண்டு சீட்டு பார்க்கப்போவதாகக் கணக்குப் போட்டு ஒரு சீட்டுக்கு 60 கொடுத்திருக்கிறோம்.

4-ஆல் பெருக்குவது நியாயமாவது, இனி யாரும் எதுவும் போட முடியாத நிலையில். அவர் மிச்சமிருந்த 60-ஐயும் தள்ளி ஆல்-இன் ஆகிவிட்டார், அல்லது நம்மிடமே அவ்வளவுதான் இருக்கிறது. அப்போது டர்னும் ரிவரும் இலவசம், 35% முழுசாக நம்முடையது. மற்ற நேரத்தில் ஃப்ளாப்பிலும் 2-ஆல்தான் பெருக்க வேண்டும்.

நான்காம் படி: இரண்டையும் வைத்துப் பார்

பங்கு விலையைவிடப் பெரிதாக இருந்தால் போடு, சிறிதாக இருந்தால் விடு. ஆனால் எவ்வளவு லாபம், எவ்வளவு நட்டம் என்று முத்துக் கணக்கில் ஒருமுறை போட்டுப் பார்த்தால்தான் மனதில் நிற்கும்.

அவரிடம் இன்னும் முத்து இருக்கிறது, நமக்கு ஒரு சீட்டுதான் என்று வையுங்கள். 47 தடவையில் 9 தடவை நடுவில் கிடக்கும் 180 நமக்கு வருகிறது. 38 தடவை 60 போகிறது. வரவு 1,620, செலவு 2,280. நட்டம் 660-ஐ 47-ஆல் வகுத்தால் ஒவ்வொரு காலுக்கும் 14 முத்து நட்டம்.

இப்போது அதே 60, ஆனால் அவர் ஆல்-இன். 35% தடவை 180 வருகிறது: 63. 65% தடவை 60 போகிறது: 39. ஒவ்வொரு காலுக்கும் 24 முத்து லாபம்.

அதே ராணி, அதே 8, அதே ஃப்ளாப், அதே 60 முத்து. ஒன்றில் 14 போகிறது, இன்னொன்றில் 24 வருகிறது. எதிராளி முன்னால் எவ்வளவு குவிந்திருக்கிறது என்று பார்க்காமல் யாராவது "ஃப்ளஷ் டிராவா? கண்ணை மூடிட்டுப் போடு" என்று சொன்னால் காதில் வாங்க வேண்டாம்.

ஐந்தாம் படி: இன்னும் வரக்கூடியது

முதல் கணக்கில் நட்டம் வந்ததே, அப்படியானால் ஃப்ளாப்பில் ஃப்ளஷ் டிராவை எப்போதும் மடக்க வேண்டுமா? இல்லை. ஃப்ளஷ் அடித்த பிறகு எதிராளியிடமிருந்து இன்னும் கொஞ்சம் வாங்க முடியும். இதைத்தான் இம்ப்ளைடு ஆட்ஸ் என்கிறார்கள். குத்துமதிப்பாக "வாங்கிரலாம்" என்று சொல்லாமல் எவ்வளவு வாங்க வேண்டும் என்று கணக்கிடலாம்.

அடிக்காத சீட்டு 38, அடிக்கும் சீட்டு 9. 38-ஐ 9-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் 253. ஜெயிக்கும்போது மொத்தம் இவ்வளவாவது வந்தால்தான் சமம். நடுவில் கிடப்பது 180. ஆக, ஃப்ளஷ் அடிக்கும்போது சராசரியாக இன்னும் 74 முத்து வாங்க வேண்டும். அவரிடம் மிச்சம் 40-தான் இருக்கிறதா? முடியாத காரியம், விடுங்கள். 300 இருக்கிறதா? யோசிக்கலாம்.

யோசிக்க வேண்டியது அவர் குணத்தைப் பற்றி. ஒரு தடவை மூன்றாவது ஆட்டின் விழுந்ததும் நான் 80 தள்ளினேன். சித்தப்பா சீட்டைக்கூடத் திரும்பப் பார்க்கவில்லை. "மூணு ஆட்டின் செவக்கச் செவக்கக் கிடக்குது, நான் எதுக்குடா போடுறேன்?" என்று மடக்கி வைத்துவிட்டுப் பாக்குப் பொட்டலத்தை எடுத்தார். ஃப்ளஷ் எல்லார் கண்ணுக்கும் தெரியும் கை. அது விழுந்ததும் விவரமானவர்கள் நின்றுவிடுவார்கள்.

ஸ்ட்ரெய்ட் அப்படியில்லை. கையில் 7, 6. ஃப்ளாப்பில் ராஜா, 9, 5. ஒரு 8 வேண்டும், 4 அவுட். நடுவில் 50, அவர் 10 போடுகிறார். விலை 14%, நம் பங்கு 8.5%. நேர்க்கணக்கில் தகாது. ஆனால் 43-ஐ 4-ஆல் வகுத்து 10-ஆல் பெருக்கினால் 108. நடுவில் 60 இருக்கிறது, இன்னும் 48 வாங்கினால் போதும். அவரிடம் 200 இருந்து, கையில் ஒரு ராஜாவும் இருந்தால், 8 விழுந்ததைப் பார்த்து அவர் பயப்படவே மாட்டார். பலவீனமான டிரா என்று பேர் வாங்கிய இது, இந்த இடத்தில் ஃப்ளஷ் டிராவைவிட நல்ல கால்.

எதிர்ப்பக்கமும் உண்டு. கையில் கிளாவர் 6, 4 வைத்துக்கொண்டு ஃப்ளஷ் அடித்தால், பெரிதாகப் போட்டு மல்லுக்கு நிற்பவரிடம் அதைவிடப் பெரிய கிளாவர் இருக்க வாய்ப்பு அதிகம். ஜெயிக்கும்போது கொஞ்சம் வரும், தோற்கும்போது மொத்தமும் போகும். நாலைந்து பேர் உள்ளே இருந்தால் இது இன்னும் மோசம். விலை மலிவாகத் தெரியும், ஆனால் சின்ன ஃப்ளஷின் பங்கும் கூடவே தேய்ந்துபோகும்.

ஆறாம் படி: ரிவரில் அவுட் கிடையாது

கடைசிச் சீட்டும் விழுந்துவிட்டால் 2-ம் 4-ம் உதவாது. நம் கை இனி மாறாது. விலைக் கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. பங்கு என்பது இப்போது எதிராளியின் கையைப் பற்றிய கேள்வி: அவர் இப்படிப் போடும் கைகளில் எத்தனையை நாம் ஜெயிக்கிறோம்?

நம் கையில் ஸ்பேடு ராஜா, ஸ்பேடு ராணி. கீழே டைமன் ராஜா, கிளாவர் 9, கிளாவர் 6, ஆட்டின் 2, ஸ்பேடு 3. ஃப்ளாப்பிலிருந்து அவர் விடாமல் போட்டுக்கொண்டே வருகிறார். ரிவரில் நடுவில் 200, அவர் போடுவது 100. விலை 25%.

நம்மை ஜெயிக்கும் கைகளை எண்ணுவோம். ஜோடி 9: மீதி மூன்று 9-ல் இரண்டு எடுக்க 3 வழி. ஜோடி 6: அதுவும் 3 வழி. ஏஸ்-ராஜா: கண்ணில் படாத ராஜா 2, ஏஸ் 4, ஆக 8 வழி. மொத்தம் 14. ராஜா-9 மாதிரி ஓரிரண்டு இருக்கலாம், இப்போதைக்கு விடுவோம்.

நாம் ஜெயிக்கும் கைகள், அதாவது அடிக்காமல் போன கிளாவர் ஃப்ளஷ்கள்: ஏஸ்-ஜாக்கி, ஏஸ்-10, ஏஸ்-5, ராணி-ஜாக்கி, ஜாக்கி-10, 8-7. ஒவ்வொன்றும் கிளாவரில் ஒரே ஒரு வழி. மொத்தம் 6.

இந்த ஆறையும் வைத்து அவர் பிளஃப் அடிப்பார் (ஒன்றுமில்லாமலே இருப்பதுபோலப் போடுவார்) என்றால், 20-ல் 6, அதாவது 30%. விலை 25%, போடலாம். ஆறில் மூன்றை வைத்துத்தான் அடிப்பார், மற்றதைச் செக் பண்ணிவிடுவார் (எதுவும் போடாமல் விட்டுவிடுவார்) என்றால் 17-ல் 3, கிட்டத்தட்ட 18%. விட வேண்டும். ஐந்து பிளஃப் இருந்தால் போடலாம், நான்கு என்றால் விட வேண்டும். மொத்த முடிவும் ஒற்றைக் கையில் நிற்கிறது. அவர் ராஜா-ஜாக்கியை வைத்துக்கொண்டும் இப்படிப் போடுகிறவர் என்றால் நம் பக்கம் இன்னும் கனக்கும். நம் ராணி ஸ்பேடாக இல்லாமல் கிளாவராக இருந்திருந்தால், ராணி-ஜாக்கி கிளாவர் அவரிடம் இருக்கவே முடியாது. பிளஃப் ஒன்று குறைந்துவிடும். நம் கையில் என்ன சின்னம் இருக்கிறது என்று பார்ப்பது இதற்காகத்தான்.

சித்தப்பா மாதிரி பிளஃப் என்றாலே கூச்சப்படுகிறவர் மூன்று தடவையும் போட்டுக்கொண்டு வந்தால் ராஜா ஜோடியை மடக்கிவிட வேண்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. கல்லூரியிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் மாப்பிள்ளை போட்டால் வேறு கதை. அவன் கணக்கில் ஆறு என்ன, பத்து பிளஃப்கூட இருக்கும். "மாமா, சத்தியமா இருக்கு, விட்ருங்க" என்று அவன் சொல்வதைக் கணக்கில் எந்தப் பக்கமும் சேர்க்க வேண்டாம்.

ஏழாம் படி: நாமே போடும்போது

இதுவரை கேட்ட விலையைக் கொடுப்பதா என்று பார்த்தோம். நாமே விலை வைக்கும்போது இன்னொரு வழியிலும் ஜெயிக்கலாம்: அவர் மடக்கிவிட்டால். டர்னில் நடுவில் 120, அவர் செக் பண்ணுகிறார், நாம் 80 போடுகிறோம். கையில் ஒன்றுமே இல்லாத பிளஃப் என்றால், 80-ஐ 200-ஆல் வகுத்து 40% தடவை அவர் மடக்க வேண்டும். அதே 80-ஐ ஃப்ளஷ் டிராவோடு போட்டால், அவர் கால் பண்ணினாலும் 280-ல் 19.6% நம் பங்கு, அதாவது 55 முத்து திரும்பி வருகிறது. போகிறது 25 மட்டும். கணக்குப் போட்டால் 17-18% தடவை மடக்கினாலே சமம். மேலே ரைஸ் பண்ணித் தள்ளாதவர் என்றால், டிரா கையைக் கால் பண்ண வைத்துக்கொள்வதைவிடப் போட வைத்துக்கொள்வது நல்லது என்று சொல்வது இதனால்தான்.

ஃப்ளாப்புக்கு முன் ஆல்-இன் வந்தால் நினைவில் வைக்கச் சில எண்கள் போதும். ஏஸ் ஜோடிக்கும் ராஜா ஜோடிக்கும் 82-18. ராணி ஜோடிக்கும் சின்னம் சேராத ஏஸ்-ராஜாவுக்கும் 57-43. சின்ன ஜோடியோடு போனால் ஃப்ளாப்பில் மூன்றாவது விழ 12%, எட்டரைத் தடவைக்கு ஒன்று. பிளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன்பே இருவர் போட வேண்டியது) 10-20 இருக்கும்போது ஒருவர் 80 ஆல்-இன் என்கிறார், எல்லாரும் மடக்கிவிட்டார்கள், நீங்கள் 20 போட்டிருக்கும் பெரிய பிளைண்ட். இன்னும் 60 போட்டால் மொத்தம் 170, விலை 35%. ஒரே சின்னத்தில் ஜாக்கி-10 வைத்திருந்தால் ஏஸ்-ராஜாவை எதிர்த்து 40% பக்கம் உண்டு, பெரிய ஜோடியை எதிர்த்து 20%தான். அவர் எதை எல்லாம் வைத்துத் தள்ளுகிறவர் என்பதைப் பொறுத்தது.

பழகிப் பார்க்க

ஆட்டத்தின் நடுவில் வாய்விட்டுக் கணக்குப் போட்டால் கை என்னவென்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதனால் தனியாக இருக்கும்போது ஒரு கட்டைப் பிரித்து, ஃப்ளாப் வரை போட்டு, ஒரு காகிதத்தில் விலை, பங்கு, முடிவு மூன்றையும் எழுதிவிட்டு அப்புறம் டர்னைத் திருப்புங்கள். திருப்பிய பிறகு எழுதியதைத் திருத்தக் கூடாது. ஈக்விட்டி கணக்கிட்டுக் காட்டும் இலவசச் செயலிகள் இருக்கின்றன, உங்கள் எண்ணை அதோடு ஒப்பிடலாம். கீழே மூன்று கணக்கு, விடையை மறைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள்.

ஒன்று. டர்ன் முடிந்துவிட்டது, நடுவில் 90. அவர் கடைசி 30-ஐத் தள்ளுகிறார். நம்மிடம் இருபக்க ஸ்ட்ரெய்ட் டிரா. விலை 150-ல் 30, அதாவது 20%. பங்கு 46-ல் 8, அதாவது 17.4%. விட வேண்டும், ஆனால் மயிரிழைதான்.

இரண்டு. அதே கை, ஆனால் 30 போட்ட பிறகும் அவரிடம் 100 மிச்சம், நம்மிடமும் அதற்கு மேல். 38-ஐ 8-ஆல் வகுத்து 30-ஆல் பெருக்கினால் 143. நடுவில் 120. இன்னும் 23 வாங்கினால் போதும். போடலாம்.

மூன்று. ரிவர். நடுவில் 150, அவர் போடுவது 150. விலை 33.3%. நம்மை ஜெயிக்கும் கைகள் 8 வழி, பிளஃப் 3 வழி என்று கணிக்கிறீர்கள். 11-ல் 3 என்பது 27%, விடுங்கள். பிளஃப் 4 வழி என்றால் 12-ல் 4, சரியாக 33.3%. போட்டாலும் விட்டாலும் ஒன்றுதான், அந்த ஒரு தடவை மட்டும் அவர் முகத்தைப் பார்த்து முடிவெடுத்துக்கொள்ளலாம்.